ஒரு கொண்டைக்கு இரண்டு நேர்த்திக்கடன்

பிரவுலியா தலைக்குக் குளிக்கிற நாளில் தெப்பிட்டோ பேட்டையில் அவள் தெரு முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள் அங்கே போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எல்லோரும் இதைவிடக் கூடுதலாகத்தான் சொல்வார்கள்.

ஐம்பத்தொன்பது வயதில் அவள் கூந்தல் கெண்டைக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்வாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று கூந்தலுக்கு. அவள் சிக்கெடுக்கும்போது எதிர்வீட்டுக்காரர்கள் மழை வரப்போகிறதென்று கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுவார்கள். ஒருமுறை நரைமுடி ஒன்று எட்டிப் பார்த்தது; சுற்றிலும் இருந்த கறுப்பைக் கண்டு வெட்கப்பட்டுத் தானாகவே உதிர்ந்துவிட்டது.

தெருமுனையில் அவளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. பன்றி எலும்பையும் காய்ந்த ரொட்டியையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடும் மிகாஸ் சூப்தான் வியாபாரம். வேறு கடையில் சூப்பில் முடி கிடந்தால் சண்டை வரும். பிரவுலியா கடையில் முடி கிடைத்தவனை மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். அவன் அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் போய் லாட்டரிச் சீட்டு வாங்குவான்.

இப்படிப்பட்ட கூந்தலைத்தான் அவள் இரண்டு பேருக்கு நேர்ந்துகொண்டு மாட்டிக்கொண்டாள். இரண்டு மனிதர்களாக இருந்தாலாவது பேசிச் சமாளித்திருக்கலாம். இரண்டு சாமிகள்.

நடந்தது பிப்ரவரியில். அவள் கணவன் நிகாந்த்ரோவுக்குப் பித்தப்பை வெடித்துவிட்டது. நிகாந்த்ரோ முகமூடி மல்யுத்தத்தில் முப்பது வருடம் நடுவராக இருந்தவர். கீழே விழுந்தவனைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையில் அறைந்து எண்ணுகிற வேலை. மூன்றுக்குள் எழாதவன் தோற்றான். பிடித்த மல்லன் கீழே கிடந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் எண்ணுவார் என்று அவருக்குப் பெயர். அப்பேர்ப்பட்டவரே சக்கரப் படுக்கையில் மல்லாந்து போவதைப் பார்த்ததும் பிரவுலியா பின்னாலேயே ஓடினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, சட்டைக்குள் வைத்திருந்த ஒல்லிச்சியின் படத்தை எடுத்தாள்.

மரணத்தை மரணம் என்று தெப்பிட்டோவில் யாரும் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ஒருத்தியை அப்படியா கூப்பிடுவது? அவள் ஒல்லிச்சி. கொஞ்சல் அதிகமானால் வெள்ளைப் பொண்ணு. தெரு நடுவே கண்ணாடிக் கூட்டுக்குள் ஆளுயரத்துக்கு நிற்கிறாள்: எலும்புக் கை, எலும்புச் சிரிப்பு, சரிகை கவுன், தலையில் நைலான் சவுரி. மாதம் பிறந்தால் முதல் தேதி ஜெபமாலை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஒல்லிச்சியைக் கைக்குழந்தைபோல இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, ஆப்பிளும் சாக்லேட்டும் படைத்து, ஒரு மடக்கு டெக்கீலா ஊற்றி, சுருட்டுப் புகையை அவள் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள்.

"ஒல்லிச்சி, என் தங்கமே," என்றாள் பிரவுலியா படத்தைப் பார்த்து. "இந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகாதடி. இவன் உனக்கு எதுக்கு? குறட்டை விடுவான். சாக்ஸை சோபாவுக்கு அடியில போடுவான். நீயே ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிடுவ. இவனை எனக்கே விட்டுடு. என் முடியை வேரோட சிரைச்சு உனக்கு டோப்பா பண்ணித் தர்றேன். அந்த நைலான் குப்பையைத் தூக்கி எறிஞ்சிடலாம்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவர் கழுத்துச் சுளுக்குக்காக ஆட்டினாரா, நிகாந்த்ரோவுக்காக ஆட்டினாரா என்று பிரவுலியாவுக்குப் புரியவில்லை. எதிரே நர்ஸ் மேஜைக்கு மேலே யாரோ உச்சந்தலையில் தீச்சுடர் எரிகிற யூதா ததேயு சாமியின் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் கைவிட்ட கேஸை எடுத்து நடத்துகிறவர் அவர்தானே.

"சாமி, யூதா சாமி, தப்பா நினைச்சுக்காத. எங்கிட்ட வேற ஒண்ணும் கிடையாது. இந்த முடிதான் இருக்கு. முழுசா, ஒரு இழை மிச்சமில்லாம உன் காலடியில கொண்டுவந்து போடறேன். கிழவனை எழுப்பிவிடு."

மறுநாள் மத்தியானம் நிகாந்த்ரோ கண்ணைத் திறந்து, சுற்றிலும் பார்த்து, முதல் வார்த்தையாகக் கேட்டது இதுதான்: "கிழவி, இந்த ஆஸ்பத்திரியில மனுஷன் சாப்பிடற மாதிரி ஏதாவது உண்டா?"

பிரவுலியா அழுதாள், சிரித்தாள், நர்ஸைக் கட்டிப்பிடித்தாள், கழுத்துச் சுளுக்கு டாக்டருக்கு முத்தம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணாடி முன்னால் நின்று சடையை அவிழ்க்கும்போது அவளுக்கு உறைத்தது. கொடுத்த வாக்கு இரண்டு. இருப்பது ஒரு தலை.

யார் காப்பாற்றியது? ஒல்லிச்சியா, யூதாவா? யாரைக் கேட்பது? ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார். யூதா கோபித்தால் போகட்டும், பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்டுக்கொள்ளலாம். ஒல்லிச்சி கோபித்தால் வேறு எதையும் எடுக்கமாட்டாள். கொடுத்த நிகாந்த்ரோவைத்தான் திருப்பி எடுத்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதானே. பிரவுலியா அதற்குப் பிறகு நிகாந்த்ரோ இருமினாலே கரண்டியோடு ஓடிவந்து அவர் மார்பில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

ஒல்லிச்சிக்கு நேர்ந்துகொண்டதை மட்டும் தெருவில் சொல்லியிருந்தாள்; இன்னொன்றை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் தள்ளிப்போட்டாள். அக்டோபர் வந்தது. இருபத்தெட்டாம் தேதி யூதா ததேயு திருநாள். நவம்பர் முதல் தேதி ஒல்லிச்சிக்குத் திருவிழா. இடைவெளி நாலே நாள். அந்த நாலு நாளில் கெண்டைக்கால் வரைக்கும் முடி வளர்த்துக்கொள்ள பிரவுலியாவாலும் முடியாது.

வேறு வழியில்லாமல் கண்ணாடிக் கூட்டைப் பராமரிக்கிற எர்மெலிந்தாவிடம் போனாள். எர்மெலிந்தாவுக்கு எழுபத்து நாலு வயது. ஒல்லிச்சிக்குக் கவுன் தைப்பது, குளிப்பாட்டுவது, சிகரெட் பற்றவைப்பது எல்லாம் அவள்தான். தூங்கும்போதுகூட கழுத்தில் அளவு நாடா தொங்கும். தன்னைவிடச் சின்னவர்களையும் 'தோன்யா' என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"வாங்க தோன்யா பிரவுலியா!" என்றாள் எர்மெலிந்தா. "இப்பத்தான் உங்களை நினைச்சேன். இந்த வருஷ கவுனுக்கு முதுகுப் பக்கம் பட்டனே வைக்கல. எதுக்கு வைக்கணும்? அதான் உங்க முடி வந்து மூடிக்குமே!"

பிரவுலியா விஷயத்தைச் சொன்னாள். எர்மெலிந்தாவின் வாயிலிருந்த குண்டூசிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

"ரெண்டு பேருக்கா?"

"பயத்துல சொல்லிட்டேங்க."

"ஒரே தாழ்வாரத்துல?"

"ஒரே பெஞ்சுல."

"தோன்யா, அவ எவ்வளவு பொறாமைக்காரின்னு உங்களுக்குத் தெரியாதா? அவ பக்கத்துல வேற சாமி படம் வெச்சாலே அடுப்பு எரியாது. நீங்க என்னடான்னா அவளுக்கு நிச்சயம் பண்ண முடியைப் பக்கத்து வீட்டு ஆம்பளைக்கு நிச்சயம் பண்ணிட்டு வந்து நிக்கறீங்க!"

தெப்பிட்டோவில் ரகசியத்துக்கு ஆயுசு பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷம் தெரு முழுக்கக் கண்ணாடிக் கூட்டுக்கு முன்னால் கூடிவிட்டது. கூட்டத்தில் மாம்பழம் விற்க ஒருவன் வந்துவிட்டான். ஆளுக்கொரு யோசனை. நடு வகிடு எடுத்து வலதுபக்கம் ஒல்லிச்சிக்கு, இடதுபக்கம் யூதாவுக்கு என்றாள் ஒருத்தி. 'முழுசா' என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே என்று இன்னொருத்தி மறுத்தாள். செருப்புக் கடை பொன்சியானோ எல்லோரையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? யூதா சாமிக்குத் தலையில ஏற்கெனவே தீ எரியுது. முடியைக் கொண்டுபோய்ப் பக்கத்துல வெச்சா பத்திக்கும். அவருக்கு நிகாந்த்ரோவோட மீசையை வழிச்சுக் கொடுங்க, போதும்."

"யோவ்!" என்றார் நிகாந்த்ரோ, மீசையைப் பொத்திக்கொண்டு. "உன் மண்டையில இருக்கற நாலு முடியைக் கொடேன்யா!"

"நாலு இல்ல, ஆறு. உன் சம்சாரம் மாதிரி நான் ஒண்ணும் அதை ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுக்கல."

பிரவுலியா கூட்டுக்குள் இருந்த சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. உதடு இல்லாதவளிடம் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் வேறொன்று தோன்றியது.

"எர்மெலிந்தாக்கா," என்றாள் மெதுவாக. "யூதா சாமிக்கு அவசரம்தானே தொழில்? அவசர கேஸை எல்லாம் அவர்தானே பார்க்கறாரு? அவரைக் காக்க வைக்கக் கூடாது. ஆனா இவளுக்கு என்ன அவசரம்? எப்படியும் எல்லாரும் இவகிட்டதானே வரப்போறோம். உலகத்துலயே காத்திருக்கத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். இப்ப இருக்கறது அவருக்கு. அடுத்து வளர்றது இவளுக்கு. கேட்டுப் பாருங்களேன்."

மாம்பழக்காரன்கூட விற்பதை நிறுத்தினான். எர்மெலிந்தா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒல்லிச்சியின் விரல்களுக்கிடையில் செருகினாள். சாம்பல் உதிராமல் கடைசிவரை எரிந்தால் சம்மதம். நடுவில் உதிர்ந்தால் இல்லை. அந்தத் தெருவில் கல்யாணங்களே இப்படித்தான் முடிவாகும்.

சிகரெட் எரிந்தது. முன்னூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டதில் தெருவில் காற்றே இல்லாமல் போனது. இரண்டு பேருக்கு மயக்கம் வந்தது, ஆனால் அவர்களும் சத்தமில்லாமல் மயங்கினார்கள். சாம்பல் வளைந்தது, நீண்டது, கொக்கிபோல் தொங்கியது. விழவில்லை. பஞ்சு வரைக்கும் எரிந்து தானாக அணைந்தபோது எழுந்த கூச்சலில் மூன்று தெரு தள்ளி ஒரு கடிகாரக் கடையில் எல்லாக் கடிகாரமும் ஒரே நேரத்தில் அடித்ததாகச் சொல்கிறார்கள்.

இருபத்தெட்டாம் தேதி காலை பிரவுலியா மொட்டையானாள். நாவிதருக்கு நாலு கத்தி மழுங்கியது. சடையைச் சுமந்துகொண்டு யூதா கோவிலுக்குப் போக ஆறு பேர் தேவைப்பட்டார்கள். வழியில் பார்த்தவர்கள் மலைப்பாம்பு என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நவம்பர் முதல் தேதி மத்தியானம் ஒல்லிச்சியின் திருவிழா. எர்மெலிந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நைலான் சவுரியைக் கழற்றினாள். 'உண்மையான முடி வரும்வரை வேறு எதுவும் வைக்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டாள். ஆக, வெள்ளைக் கவுனில் மொட்டை ஒல்லிச்சி. அவளுக்கு முன்னால் ரோஜாக் கொத்தோடு மொட்டை பிரவுலியா. இரண்டு தலையும் வெயிலில் மின்னின. வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"எது சாமின்னு அடையாளம் தெரியலையே!" என்று பொன்சியானோ கத்தினார்.

"இடுப்பைப் பார்த்துக் கண்டுபிடிங்கய்யா!" என்று பிரவுலியாவே திருப்பிக் கத்தினாள். அவள் இடுப்பில் நாலு ஒல்லிச்சிகள் தாராளமாக உட்காரலாம்.

சிரிப்பு அடங்கியதும் எர்மெலிந்தா கழுத்திலிருந்த நாடாவை உருவினாள். எல்லோர் முன்னிலையிலும் ஒல்லிச்சியின் உச்சியிலிருந்து கெண்டைக்கால் வரை அளந்து, அந்த இடத்தில் நாடாவில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இங்க வரைக்கும் வளரணும் தோன்யா. மாசா மாசம் முதல் தேதி வந்து தலையைக் காட்டுங்க. நான் அளப்பேன். வளர்ந்துட்டே இருந்தா அவ காத்திருப்பா. ஏமாத்தறீங்கன்னு தெரிஞ்சா..." அவள் நிகாந்த்ரோவைப் பார்த்தாள். தெருவே அவரைப் பார்த்தது. நிகாந்த்ரோ ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வருடம் முடி ஒழுங்காக வளர்ந்தது. புல் முளைத்த மாதிரி, பிறகு தூரிகை மாதிரி, பிறகு காதை மூடிக்கொண்டு, அடுத்த திருவிழாவுக்குள் பிடரியைத் தொட்டது. மாதாமாதம் எர்மெலிந்தா அளந்து, "ஒரு விரல் கூடியிருக்கு!" என்று அறிவிப்பாள், தெரு கைதட்டும், பிரவுலியா நிகாந்த்ரோவைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுவாள்.

அதற்குப் பிறகு பிடரியிலேயே நின்றுவிட்டது, சிவப்பு விளக்குக்கு முன்னால் பஸ் நிற்கிற மாதிரி. டிசம்பரில் நகரவில்லை. ஜனவரியில் நகரவில்லை. மார்ச்சில் அரை விரல் குறைந்தே இருந்தது.

"முடி உள்ள போகுதா என்ன?" என்றாள் எர்மெலிந்தா நாடாவை இரண்டாம் முறை வைத்துப் பார்த்து.

பிரவுலியா கற்றாழை தேய்த்தாள். அவகாடோவைப் பிசைந்து அப்பினாள். கள்ளிச் சாறு, பீர், முட்டை, எலும்பு மஜ்ஜை எல்லாம் ஏறின. ஒரு வாரம் அவள் பின்னால் பதினேழு தெருநாய்கள் ஊர்வலமாக நடந்தன. தலைகீழாக நின்றால் ரத்தம் ஓடி முடி வளரும் என்று யாரோ சொல்ல, கடைக்குப் பின்னால் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்; சாப்பிட வந்தவர்கள் செருப்பைப் பார்த்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்கள். முடி மட்டும் அசையவில்லை.

செப்டம்பர் முதல் தேதி எர்மெலிந்தா நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "தோன்யா, எனக்கே சந்தேகம் வருதுன்னா அவளுக்கு வராம இருக்குமா? திருவிழாவுக்குள்ள தோளையாவது தொடணும். இல்லைன்னா உங்க வாக்கு பொய்னு அவ முடிவு பண்ணிடுவா. அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க."

அன்று முழுக்க பிரவுலியா நிகாந்த்ரோவைக் கண்ணால் விடவில்லை. அவர் படியேறினால் பின்னாலேயே ஏறினாள். ஏப்பம் விட்டால் நாடி பார்த்தாள். விசித்திரம் என்னவென்றால், அவர் மட்டும் கவலையே இல்லாமல் இருந்தார். மூன்று தட்டு சூப் குடித்தார். விசிலடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து படுத்தவளுக்குக் கவலையில் தூக்கம் வரவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் படுத்தால் பூகம்பம் வந்தாலும் தெரியாது. இரண்டு பூகம்பம் அப்படித்தான் அவளுக்குத் தெரியாமல் போயிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கட்டில் பக்கத்தில் மெல்லக் காலடி. பிடரியில் ஏதோ ஜில்லென்று பட்டது. கிரிச்.

பாய்ந்து எழுந்து கையைப் பிடித்தாள். நிகாந்த்ரோவின் கையில் மீசை கத்தரிக்கிற குட்டிக் கத்தரிக்கோல். இன்னொரு கையில் பிஸ்கட் டின். டின்னுக்குள் கறுகறுவென்று நறுக்கு நறுக்காக முடி.

"என்ன பண்ற கிழவா?"

"ஈ உட்கார்ந்திருந்துச்சு."

"ஈயைக் கத்தரிக்கோலாலயா அடிப்பாங்க?"

"பெரிய ஈ."

"எத்தனை நாளா நடக்குது இது?"

நிகாந்த்ரோ டின்னைப் பார்த்தார். டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பொய் சொல்ல இடமில்லை. "போன திருவிழாவுலேர்ந்து," என்றார்.

"அடப்பாவி மனுஷா! நான் தலையில அவகாடோவை அப்பிக்கிட்டு நாயெல்லாம் கூட்டிக்கிட்டு அலையறேன்! சுவத்துல காலைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன்! எல்லாம் யாருக்காக? அவ கோவிச்சுக்கிட்டு உன்னைக் கொண்டுபோயிடுவாளோன்னு நான் பயந்து சாகறேன். நீ என்னடான்னா தூங்கறப்ப வந்து வெட்டிட்டிருக்க!"

"நானும் பயந்துதான் சாகறேன் கிழவி." அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நீ யோசிச்சுப் பாரு. அது காலைத் தொடற அன்னிக்கு நீ சிரைச்சுக் கொடுத்துடுவ. அவளுக்கு டோப்பா கிடைச்சுடும். உனக்கும் அவளுக்கும் பேச்சு முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் என்னை இங்க விட்டுவைக்க அவளுக்கு என்ன தேவை? இப்ப அவ எதுக்குப் பொறுமையா நிக்கறா? முடி வரணும்னு நிக்கறா. முடி வராத வரைக்கும் நான் இங்க இருப்பேன். முப்பது வருஷம் நடுவரா நின்னவன் சொல்றேன், விழுந்தவன் தோள் தரையைத் தொடாம எண்ண ஆரம்பிக்க முடியாது."

"அப்ப நான் வாக்குத் தவறினவளா ஆகணுமா?"

"தவற வேண்டாம். தாமதமாகு."

"அவளை ஏமாத்தச் சொல்ற."

"நீ கொடுத்தா போயிடுவேனோன்னு எனக்கு பயம். கொடுக்கலைன்னா போயிடுவேனோன்னு உனக்கு பயம். ரெண்டுல எது சரின்னு அவதான் சொல்லணும். அவ வாயைத் திறக்க மாட்டேங்கறா." நிகாந்த்ரோ மூக்கை உறிஞ்சினார். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உன் சூப்பைக் குடிக்கணும் பிரவுலியா. வேற ஒண்ணுமில்ல."

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. பிரவுலியா எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வாழ்க்கையில் அவள் சொன்ன சொல் தவறியதில்லை. சூப்பில் எலும்பு மூன்று என்று சொன்னால் மூன்று போடுவாள். ஆனால் அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து என்ன கேட்டாள்? சொல் தவறாதவள் என்ற பெயரையா? இந்த ஆளைத்தானே கேட்டாள். கையில் இருந்ததைக் காட்டினாள், அவ்வளவுதான். முடிக்குப் பதிலாகப் பல்லைக் காட்டியிருந்தால் இப்போது பொக்கைவாயோடு நின்றிருப்பாள்.

கழுத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியிருந்தது.

"இவ்வளவு நாள் இப்படியா தெருவுல நடந்தேன்?" என்றாள். "திருட்டுத்தனம் பண்ணினாலும் நேரா பண்ணத் தெரிய வேணாமா? கொண்டா இங்க அந்தத் துணி வெட்டற கத்தரியை."

நாற்காலி போட்டு உட்கார்ந்து கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். நிகாந்த்ரோ நாக்கைத் துருத்திக்கொண்டு, உலக சாம்பியன் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்கிற கவனத்தோடு, காதிலிருந்து காது வரைக்கும் நேராக ஒரு கோடு வெட்டினார்.

அக்டோபர் முதல் தேதி பிரவுலியா அளக்கப் போகவில்லை; தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே கடையில் நின்றாள். திருவிழா வந்தது. பிரவுலியா சிவப்புக் கவுன், சிவப்பு உதட்டுச்சாயம், காதோடு வெட்டிய முடி, பக்கத்தில் கைகோத்துக்கொண்டு நிகாந்த்ரோ. எர்மெலிந்தா நாடாவை எடுத்தாள். அளக்க எதுவும் இல்லை; நாடா அவள் கையிலேயே நின்றது. பாட்டு நின்றது.

பிரவுலியா நேராக ஒல்லிச்சியைப் பார்த்துப் பேசினாள். தெருவுக்கே கேட்டது.

"நான்தான் வெட்டினேன். மாசா மாசம் வெட்டப்போறேன். தரமாட்டேன்னு சொல்லல. தருவேன். என் தலையில வளர்ற ஒவ்வொரு முடியும் உன்னோடதுதான், வேற எவனுக்கும் கிடையாது. ஆனா இந்த ஆளு இருக்கற வரைக்கும் எனக்கு அவசரம் இல்ல. உனக்கும் இல்லைன்னு எனக்குத் தெரியும். கோவம் வந்தா எங்கிட்ட வந்து சண்டை போடு. கடை தெரியும்ல? சூப் குடிச்சுட்டே சண்டை போடலாம்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த டெக்கீலாவில் பாதியை அவளுக்கு ஊற்றி, மீதியைத் தானே குடித்தாள். நிகாந்த்ரோவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் கை சூடாகத்தான் இருந்தது.

மொட்டை ஒல்லிச்சி எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் எர்மெலிந்தாவைப் பார்த்தார்கள். எர்மெலிந்தா ஒல்லிச்சியைப் பார்த்தாள், பிறகு தன் தையல் கூடையைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷத்து கவுன்," என்றாள் தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் செத்துப்போறதுக்குள்ள ஒரு பட்டு கவுன் தைச்சுத் தர்றேன்னு இவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு கைதான் பாக்கி. இந்த வாரம் முடிச்சுடலாம்னு இருந்தேன்." அவள் கூடையை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எனக்கென்னவோ கண்ணு சரியா தெரியல. ஒரு இருபது வருஷம் ஆகும் போல."

அவ்வளவுதான். தெரு பொங்கிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஒல்லிச்சிக்கு வராத வாக்கு இல்லை. பொன்சியானோ ஒரு ஜோடி செருப்பு நேர்ந்துகொண்டு, இடது காலை மட்டும் தைத்துக் கொடுத்து, வலது காலுக்குச் சரியான தோல் உலகத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். ஒருத்தி மணி கோத்து மாலை செய்கிறாள், வருடத்துக்கு ஒரு மணி. ஒருவர் விதையிலிருந்து கள்ளி வளர்த்து, அது பூத்ததும் முதல் பூவைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நூறு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற ஜாதியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

இதில் நொந்துபோனவர் ஒருவர்தான், மூலையில் சவப்பெட்டி செய்கிற காசிமிரோ. மூன்று வருடமாக அந்தத் தெருவில் ஒரு பெட்டி போகவில்லை. கடைசியில் பெட்டிகளில் மண்ணைப் போட்டுத் தக்காளியும் மிளகாயும் நட்டுவிட்டார். நல்ல காய்ப்பு. பிரவுலியா கடைக்கு இப்போது அவர்தான் தக்காளி போடுகிறார்.

மாதக் கடைசி மத்தியானம் மொட்டை மாடியில் ஒரே ஒரு நாற்காலி. பிரவுலியா குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நிகாந்த்ரோ பின்னால் நின்றுகொண்டு, கழுத்தில் துண்டு சுற்றிவிட்டு, கத்தரியைத் திறந்து திறந்து மூடுகிறார்.

"கொஞ்சமா வெட்டு கிழவா," என்கிறாள் அவள். "அடுத்த மாசத்துக்கும் வேணும்."